சுடுபோர் ஆட்டங்களில் பணிவகைப் பிரிவு — ஓர் ஆய்வு

முன்னுரை

ஆட்டத்தை ஆராய்ச்சிப் பொருளாகக் கொள்வது தகுமா என வினவுவார் இருக்கக்கூடும். ஒரு சமுதாயம் எவ்வாறு உழைக்கிறது என்பதை அதன் வயலிலும் ஆலையிலும் காண்கிறோம். அது எவ்வாறு போட்டியிடுகிறது என்பதை அதன் ஆடுகளத்தில்தான் காணவேண்டும். இன்றைய மாணவர் பலருக்கு அவ்வாடுகளம் கணினித் திரையாகிவிட்டது. ஆகவே அதனைப் புறந்தள்ளுவதைவிட ஆராய்ந்து பார்ப்பதே அறிவுடைமையாகும்.

இவ்வாண்டு விடுதி நண்பர்கள் சிலர் கூடி, மடிக்கணினிகளை ஒரே வலையில் இணைத்துச் சுடுபோர் ஆட்டப் போட்டி ஒன்று நடத்த முனைந்தோம். எந்த ஆட்டத்தை வைப்பது என்பதில் கருத்து வேறுபாடு எழுந்தது. ஒரு சாரார் 'கவுன்டர்-ஸ்ட்ரைக்' வேண்டும் என்றனர். மறு சாரார் 'டீம் ஃபோர்ட்ரெஸ் 2' வேண்டும் என்றனர். இரவு உணவுக்கு மணி அடித்த பின்னும் வழக்கு ஓயவில்லை. கைவிரைவு மிக்க நண்பர் ஒருவர், "எல்லாருக்கும் ஒரே கடை, ஒரே துப்பாக்கி, வல்லவன் வெல்லட்டும். அதுதானே போட்டி!" என்றார். மதிப்பெண் பட்டியலில் எப்போதும் அடியில் நிற்கும் மற்றொரு நண்பர், "அப்படியானால் நான் எதற்கு வரவேண்டும்? எண்ணிக்கை நிரப்பவா?" என்று கேட்டார். அக்கேள்விக்கு அன்று ஒருவரும் விடை கூறவில்லை. அதற்கு விடை காணும் முயற்சியே இக்கட்டுரை.

சொல்லும் பொருளும்

இவ்வகை ஆட்டங்களில் ஆடுவோர் 'கிளாஸ்' என்றொரு சொல்லை வழங்குவர். அதனை 'வகுப்பு' எனப் பெயர்த்தால், நாம் அமர்ந்திருக்கும் வகுப்பறையும் வேறு சில பொருள்களும் இடையே வந்து குழப்பும். எனவே 'பணிவகை' என்றே இங்கு வழங்குவோம். ஆட்டத்தின் விதியே ஒரு வீரருக்கு இன்ன படைக்கலம், இன்ன ஓட்டம், இன்ன உயிர்வலிமை, இன்ன தனித்திறம் என்று வரையறுத்துக் கொடுப்பது பணிவகையாகும். அவ்வரையறைக்குள் நிற்கும் வீரர் பிற வகையினர் செய்யும் பணியைச் செய்யவியலாது.

நமக்குத் தெரிந்த களங்களைக் கொண்டு இதனை விளக்கலாம். கபடியில் ஓர் அணிக்கு 7 பேர். பாடிச் செல்வோர் இவர், பிடிப்போர் இவர் என்று விதி எதுவும் பிரிக்கவில்லை. எவரும் பாடிச் செல்லலாம், எவரும் பிடிக்கலாம். ஆயினும் பழக்கத்தால் சிலர் பாடுவோராகவும், சிலர் மூலையில் நின்று காலைப் பற்றுவோராகவும் அமைந்துவிடுகின்றனர். கைப்பந்திலோ நிலைமை வேறு. 1998-ல் அனைத்துலக விதிகளில் 'லிபரோ' என்ற ஆட்டக்காரர் சேர்க்கப்பட்டார். அவர் வேறு நிறச் சட்டை அணிவார். வலைக்கு மேலிருந்து பந்தை அடிக்கவோ, எழும்பித் தடுக்கவோ அவருக்கு உரிமையில்லை. பந்தைக் காத்தெடுப்பதே அவர் தொழில். கபடியில் உள்ளது பழக்கத்தால் வந்த பிரிவு. லிபரோ விதியால் வந்த பிரிவு. இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால் இக்கட்டுரையின் பிற்பகுதிகள் எளிதில் விளங்கும்.

தோற்றமும் வளர்ச்சியும்

1996-ல் அமெரிக்காவின் இட் சாஃப்ட்வேர் நிறுவனம் 'குவேக்' என்ற ஆட்டத்தை வெளியிட்டது. அதில் அனைவரும் சமம். களத்தில் நுழையும்போது எல்லாரிடமும் ஒரே எளிய துப்பாக்கிதான் இருக்கும். வலிய படைக்கலங்களும் கவசங்களும் களத்தில் குறித்த இடங்களில் கிடக்கும், முந்தியவர் எடுத்துக்கொள்வர். 1997-ல் நடந்த குவேக் போட்டியொன்றில் 'திரெஷ்' என்ற பெயரில் ஆடிய டென்னிஸ் ஃபாங் வென்று, அவ்வாட்டத்தை ஆக்கியோருள் ஒருவரான ஜான் கார்மாக்கின் ஃபெராரி மகிழுந்தைப் பரிசாகப் பெற்றது இத்துறையினர் யாவரும் அறிந்த செய்தி.

அதே 1996-ல், ஆஸ்திரேலிய இளைஞர்களான ராபின் வாக்கர், ஜான் குக் முதலானோர் குவேக் ஆட்டத்தையே அடித்தளமாகக் கொண்டு 'டீம் ஃபோர்ட்ரெஸ்' என்ற மாற்றுருவை ஆக்கினர். பணிவகை என்னும் கருத்து இணையவழிச் சுடுபோரில் வேரூன்றியது இதனால்தான் எனலாம். 1998-ல் இவர்கள் வால்வ் நிறுவனத்தில் சேர்ந்தனர். 1999-ல் 'டீம் ஃபோர்ட்ரெஸ் கிளாசிக்' வந்தது. 2007-ல் 'டீம் ஃபோர்ட்ரெஸ் 2' வந்தது.

இவ்விரண்டாம் ஆட்டத்தில் 9 பணிவகைகள் உள்ளன: விரைவோடி, ராக்கெட் வீரர், நெருப்பாளர், வெடிகுண்டு வீரர், பெருந்துப்பாக்கியர், பொறியாளர், மருத்துவர், குறிசுடுநர், ஒற்றர். விரைவோடிக்கு உயிர்வலிமை 125, பெருந்துப்பாக்கியருக்கு 300. முன்னவர் வானில் இரண்டாம் முறையும் எழும்பித் தாவுவார். பின்னவர் நடப்பதே மெல்ல. பொறியாளர் தானே சுடும் பீரங்கியைக் கட்டுவார். ஒற்றர் எதிரியின் வேடம் பூண்டு முதுகில் குத்துவார். மருத்துவர் தம் கருவியால் தோழரின் காயத்தை ஆற்றுவார். ஆற்ற ஆற்ற அவரது கருவியில் ஆற்றல் திரளும். முழுமையாகத் திரண்டபின் 8 நொடி நேரம் தம்மையும் தாம் காக்கும் தோழரையும் எக்குண்டும் துளைக்கவியலாதவர் ஆக்குவார்.

இக்கிளைக்கு நேரெதிராக, 1999-ல் மின் லே, ஜெஸ் கிளிஃப் இருவரும் 'ஹாஃப்-லைஃப்' ஆட்டத்தின் மாற்றுருவாகக் 'கவுன்டர்-ஸ்ட்ரைக்' ஆட்டத்தை ஆக்கினர். 2000-ல் வால்வ் அதனைத் தன் வெளியீடாகவே கொண்டது. 2012-லும் 2023-லும் அதன் புதுப்பதிப்புகள் வந்தன. இதில் பணிவகையே இல்லை. எல்லாருக்கும் உயிர்வலிமை 100. வழக்கமான போட்டி ஆட்டத்தில் முதற்சுற்றில் ஒவ்வொருவர் கையிலும் ஆட்டப்பணம் 800. வென்றும் வீழ்த்தியும் பணம் சேர்த்து வேண்டிய படைக்கலத்தைக் கடையில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் கிளை 2016-ல் பிலிசார்டு நிறுவனத்தின் 'ஓவர்வாட்ச்' ஆட்டத்துடன் ஓங்கியது. இங்குப் பணிவகையானது பெயரும் முகமும் கதையும் உடைய பாத்திரமாக மாறியது. தொடக்கத்தில் 21 பாத்திரங்கள். அணிக்கு 6 பேர். 2020-ல் ரயட் நிறுவனம் 'வேலரன்ட்' ஆட்டத்தை வெளியிட்டது. 2024 இறுதியில் 33 பாத்திரங்களுடன் 'மார்வெல் ரைவல்ஸ்' வந்தது. ஆகவே பணிவகை என்பது கால் நூற்றாண்டுக்கு மேலாக வளர்ந்து நிற்கும் முறை. அதன் பயனையும் குறையையும் மதிப்பிடப் போதிய பட்டறிவு நம்மிடம் உள்ளது.

ஆதரிப்போர் கூறும் காரணங்கள்

பொருளியல் பயில்வோர்க்கு ஆடம் ஸ்மித் 1776-ல் எழுதிய குண்டூசித் தொழிற்கூடம் நினைவிருக்கும். 10 பேர் கூடி, கம்பியை இழுப்பவர், வெட்டுபவர், கூராக்குபவர் என்று வேலையைப் பகுத்துக்கொண்டபோது ஒரே நாளில் 48,000 குண்டூசிகள் செய்ய முடிந்தது என்பது அவர் காட்டிய கணக்கு. தனித்தனியே செய்திருந்தால் ஒருவர் 20 ஊசி செய்வதும் அரிது என்றார். பணிவகையை ஆதரிப்போர் கூறும் முதற்காரணம் இவ்வேலைப் பகுப்பே. பகுப்பினால் அணி வலுப்பெறுகிறது. ஒருவரை ஒருவர் சார்ந்து நிற்கும் கட்டாயம் ஏற்படுகிறது. தனியாள் ஆட்டம் கூட்டாட்டமாக உயர்கிறது என்பர்.

இரண்டாம் காரணம், திறனின் வகை பெருகுவது. குறிபார்த்து விரைந்து சுடுவது ஒரு திறன். அது கண்ணுக்கும் கைக்கும் இடையிலான ஒருமையைப் பொறுத்தது. போர்க்களத்தில் வேறு திறன்களும் உண்டு: எவரைக் காப்பது, எப்போது முன்னேறுவது, எங்கே அரண் அமைப்பது, எதிரியின் எண்ணம் யாது என்று உய்த்துணர்வது. மருத்துவராக ஆடுபவர் குறிபார்ப்பதில் முதல்வராக இருக்க வேண்டுவதில்லை. காயமுற்ற இருவருள் யாரை முதலில் ஆற்றுவது என்று ஒரு நொடியில் முடிவு செய்யத் தெரிந்திருக்க வேண்டும். இருபுறமும் மருத்துவர் இருக்கையில், எந்த மருத்துவரின் ஆற்றல் முன்னதாகத் திரளும் என்ற கணக்கைச் சுற்றியே போட்டி நடக்கிறது. எதிரணி மருத்துவரை வீழ்த்திவிட்டால் ஆட்டத்தின் போக்கே மாறும். அடியில் நின்ற நண்பர் இங்கு எண்ணிக்கை நிரப்ப வந்தவரல்லர், அணியின் அச்சாணி.

லிபரோவின் வரவால் கைப்பந்தில், உயரம் குறைந்தும் கால் விரைவு மிக்கவர்க்கு ஓர் இடம் பிறந்ததை இதனோடு ஒப்பிடலாம்.

மூன்றாம் காரணம், களத்தைப் படிக்க இயலுவது. டீம் ஃபோர்ட்ரெஸ் 2-ல் ஒவ்வொரு வகையினரின் நிழலுருவும் தனித்தனியே தெரியுமாறு வரையப்பட்டுள்ளது. தொலைவில் ஓர் உருவம் தோன்றிய அளவிலேயே, வருபவர் யார், அவரால் என்ன செய்ய முடியும் என்பதை அறியலாம். அறிந்தபின் எடுக்கும் முடிவு அறிவின் பாற்பட்டது; அறியாமல் எடுப்பது ஊழின் பாற்பட்டது.

எதிர்ப்போர் கூறும் காரணங்கள்

இனி மறுபக்கத்தைக் காண்போம். பணிவகை வந்தால் வேற்றுமை பெருகும் என்பது தாளில் எழுதும்போது உண்மை. களத்தில் அது நிலைப்பதில்லை என்பது எதிர்ப்போர் வாதம். இதற்கு இரண்டு சான்றுகள் உள்ளன.

முதற்சான்று டீம் ஃபோர்ட்ரெஸ் 2-லேயே கிடைக்கிறது. 9 வகைகளிலிருந்து 6 பேர் கொண்ட அணியை, ஒரே வகையில் பலர் இருக்கலாம் என்று கொண்டு அமைத்தால், 3,003 விதமாக அமைக்கலாம். இணைப்புக் கணிதம் தெரிந்தோர் சரிபார்த்துக்கொள்ளலாம். ஆனால் ஆட்டக்காரர்கள் தாமே அமைத்துக்கொண்ட 6-க்கு 6 போட்டியில் நெடுங்காலமாக நிலைபெற்றது பெரும்பாலும் ஒரே அமைப்புத்தான்: விரைவோடியர் 2, ராக்கெட் வீரர் 2, வெடிகுண்டு வீரர் 1, மருத்துவர் 1. ஏனைய 5 வகையினரும் இறுதி அரணைக் காக்கவோ, முட்டுக்கட்டையை உடைக்கவோ சிறிது நேரம் மட்டும் தலைகாட்டிச் செல்வர். காரணம் எளிது. அப்போட்டியின் களங்கள் பெரும்பாலும் 5 நிலைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கைப்பற்றும் அமைப்புடையன. அங்கு விரைந்து இடம் பெயர்பவர்க்கே மதிப்பு. பெருந்துப்பாக்கியரும் பொறியாளரும் அவ்வோட்டத்திற்கு ஈடுகொடுப்பதில்லை. ஒன்பது வகையினர்க்கும் இடம் வேண்டும் என்று கருதியோர், வகைக்கு ஒருவராக 9-க்கு 9 ஆடும் 'ஹைலேண்டர்' என்ற தனிப் போட்டிமுறையை வகுத்துக்கொண்டனர். தானாக வராத வேற்றுமையை விதியால் வருவிக்க நேர்ந்தது.

இரண்டாம் சான்று ஓவர்வாட்ச். அதன் பாத்திரங்கள் தாங்குவோர், தாக்குவோர், துணைநிற்போர் என மூவகைப்படும். 2018 பிற்பகுதி தொடங்கி 2019 நடுப்பகுதி வரை, தாங்குவோர் மூவரும் துணைநிற்போர் மூவரும் கொண்ட ஓர் அமைப்பு உயர்நிலைப் போட்டிகளை ஆட்கொண்டது. 'கோட்ஸ்' என்று அதற்குப் பெயர். அவ்வமைப்பில் தாக்குவோர் ஒருவரும் இல்லை! சுடுபோர் ஆட்டத்தின் உச்சநிலையில், சுடுவதையே தொழிலாகக் கொண்டவர்க்கு இடமில்லாமற் போயிற்று. 2019 வசந்தத்தில் பாத்திரங்கள் 30. அவற்றுள் வெவ்வேறு 6-ஐத் தேர்ந்தெடுக்கும் வழிகள் 5,93,775. அத்தனை வழிகளும் ஏறக்குறைய ஒரே வழியாகச் சுருங்கின. குறிசுடுவதில் பேர்பெற்ற வீரர்கள் அமர்ந்திருக்கவோ, தமக்குப் பழக்கமில்லாத பாத்திரம் ஏற்கவோ நேர்ந்தது.

நிறுவனத்தார் 2019-ல் ஒரு தீர்வு கண்டனர்: ஒவ்வோர் அணியிலும் தாங்குவோர் 2, தாக்குவோர் 2, துணைநிற்போர் 2 என்று விதித்துப் பூட்டினர். நோய் நீங்கியது, மருந்தின் பின்விளைவு தொடங்கியது. தாக்குவோராக ஆட விரும்பினவர் பலர், தாங்குவோராக விரும்பினவர் சிலர். எனவே தாக்குவோர் வரிசையில் காத்திருக்கும் நேரம் நீண்டது. பொருளியலில் விலைக்கட்டுப்பாட்டின் பின்னே வரிசை நீளும் என்று படிக்கிறோம். அதன் வேறொரு வடிவம் இது. 2022-ல் வந்த 'ஓவர்வாட்ச் 2' அணியை 5 பேராகக் குறைத்து, தாங்குவோரை ஒருவராக்கியது. அவ்வொருவர் தவறினால் அணியே தவறும் என்ற புதுச்சுமை அவர் தலையில் விழுந்தது.

எதிர்ப்போரின் மற்றொரு காரணம் இதைவிட ஆழமானது. ஒரு வகை மற்றொரு வகையை எளிதில் வெல்லுமாறு அமைந்தால், போட்டி களத்தில் தொடங்குமுன்னரே தேர்வுப் பட்டியலில் முடிந்துவிடும். கல்–தாள்–கத்தரி ஆட்டத்தை எண்ணிப் பாருங்கள். கல் கத்தரியை எப்போதும் வெல்லும். கல்லைக் காட்டியவரின் பயிற்சிக்கு அங்கு வேலையில்லை. இருவரும் மூன்றையும் சம அளவில், முன்னறிய முடியாதவாறு கலந்து காட்டினால், நெடுநாள் ஆடினாலும் எவரும் முந்தமாட்டார். எண்ணிக்கையில் சொல்வதானால், சம வல்லமை உடைய இருவருள் ஒருவரது வகைத் தேர்வு வெற்றி வாய்ப்பை நூற்றுக்கு 50-லிருந்து 55 ஆக்கினால், மற்றவர் சற்று மிகுந்த திறனால் அதனை ஈடுசெய்யலாம். 90 ஆக்கினால் திறன் பேச இடமேது? வகையின் பயன் சாய்வாக இருக்கலாம், தீர்ப்பாக இருத்தலாகாது.

வகையின்றியும் பிரிவு உண்டு

பணிவகை இல்லையேல் வேலைப் பகுப்பும் இல்லை என்று ஆதரிப்போர் கருதுகின்றனர். இஃது உண்மையன்று என்பதைக் கவுன்டர்-ஸ்ட்ரைக் காட்டுகிறது. அங்கு விதி எவரையும் பிரிக்கவில்லை. ஆயினும் தேர்ந்த அணி எதனைப் பார்த்தாலும் ஐவர்க்கும் ஐந்து பணிகள் இருக்கும். முதலில் புகுந்து வழி திறப்பவர் ஒருவர். 4,750 விலையுள்ள தொலைகுறித் துப்பாக்கியை ஏந்துபவர் ஒருவர். கண்கூசும் குண்டும் புகைக்குண்டும் எறிந்து தோழர்க்கு வழிவகுப்பவர் ஒருவர். தனித்துப் பதுங்கிப் பின்புறம் வருபவர் ஒருவர். இவர்களுக்கு ஆணையிடும் தலைவர் ஒருவர். கபடியில் நாம் கண்ட அதே நிகழ்ச்சி இது.

வேலைப் பகுப்பு எவரோ முன்கூட்டித் திட்டமிட்டதால் வந்ததன்று, மாந்தர் ஒருவரோடொருவர் மாற்றிக்கொள்ளும் இயல்பால் மெல்ல வளர்ந்தது என்பதே ஆடம் ஸ்மித்தின் கருத்துமாகும். இதன் சிறப்பு யாதெனில், தொலைகுறித் துப்பாக்கியை ஏந்தியவர் வீழ்ந்தால் அருகில் நிற்பவர் அதனை எடுத்துக்கொள்ளலாம். நிலைமை மாறினால் பணியும் மாறும். பணி, மனிதர்மேல் ஒட்டிக்கொண்டிருப்பதில்லை.

இதனைப் புகையைக் கொண்டு இன்னும் தெளிவாக்கலாம். எதிரியின் பார்வையை மறைக்கும் புகை இரு ஆட்டங்களிலும் இன்றியமையாதது. கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் புகைக்குண்டு 300 விலைக்கு எவரும் வாங்கும் சரக்கு. வேலரன்டிலோ பார்வையை மறைப்பது பெரும்பாலும் 'கன்ட்ரோலர்' வகைப் பாத்திரங்களின் தனித்தொழில். முன்னதில் புகை ஒரு பொருள். பின்னதில் புகை ஓர் ஆள். அவ்வாள் வீழ்ந்தால், அவர் இட்டு வைத்ததற்கு மேல் அணிக்குப் புகை கிடைப்பது அரிது. முன்னது நெகிழ்ச்சியைத் தருகிறது. பின்னது அவ்வொருவரின் உயிருக்கு மதிப்பைத் தருகிறது. இரண்டும் நன்மைகளே, ஆனால் இரண்டையும் ஒருங்கே முழுமையாகப் பெறவியலாது.

வேலரன்ட் இவ்விரு முறைகளுக்கும் இடையே ஒரு நடுவழியைத் தேடியிருப்பது ஈண்டு நோக்கத்தக்கது. அதில் பாத்திரம் எதுவாயினும் தொடக்க உயிர்வலிமை 100. துப்பாக்கிக் கடை அனைவர்க்கும் பொது. வேறுபடுவன தனித்திறங்கள் மட்டுமே. ஆகவே எப்பாத்திரம் ஏற்றவரும் எதிரே நிற்பவரைத் தம் குறியால் வீழ்த்தும் உரிமையை இழப்பதில்லை. ஆனால் ஆட்டம் தொடங்கியபின் பாத்திரத்தை மாற்றவியலாது என்ற பூட்டு உள்ளது. டீம் ஃபோர்ட்ரெஸ் 2-ல் இதற்கு நேர்மாறு. வேறுபாடு மிகுதி, ஆயினும் மீண்டும் களம் புகும்போதெல்லாம் வகையை மாற்றலாம்.

தோல்வியே உரைகல்

இத்தனை வாதங்களையும் எடைபோட்டுப் பார்க்கையில், வகை நன்றா தீதா என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை என்பது தெளிவாகிறது. வேறோர் உரைகல் தேவை. போட்டியின் நோக்கம் வல்லவரைக் கண்டறிவது மட்டுமன்று. ஆடுவோரை வல்லவர் ஆக்குவதும் ஆகும். எனவே வென்றவரைக் கேட்பதைவிடத் தோற்றவரைக் கேட்பதே முறை. "ஏன் தோற்றாய்?" என்ற வினாவுக்கு அவர் தரும் விடையில்தான் ஆட்டத்தின் தரம் வெளிப்படும்.

"நான் இன்ன இடத்தில் இன்ன தவறு செய்தேன்" என்று அவரால் சொல்ல முடிந்தால், அவ்வாட்டம் அவருக்குக் கற்பிக்கிறது. "அவர்கள் அந்தப் பாத்திரத்தை எடுத்தார்கள், எங்களிடம் இல்லை" என்பதே முழுவிடையாயின், அவ்வாட்டம் கற்பிக்கவில்லை, திருவுளச்சீட்டுப் போட்டது. "என் கை அவன் கையைவிட மெதுவானது" என்பதே முழுவிடையாயினும் அது கற்பிப்பதன்று. அளந்து காட்டிவிட்டு நின்றுவிட்டது. முன்னது வகையுள்ள ஆட்டத்திற்கு நேரக்கூடிய நோய். பின்னது வகையற்ற ஆட்டத்திற்கு நேரக்கூடிய நோய்.

இவ்வுரைகல்லைக் கொண்டு பணிவகைக்கு மூன்று கட்டளைகள் வகுக்கலாம்.

முதலாவது, ஒவ்வொரு வகைக்குள்ளும் பயிலப் பயில வளரும் ஆழம் இருத்தல் வேண்டும். நேற்று வந்தவர் ஆடினாலும் பத்தாண்டு பயின்றவர் ஆடினாலும் ஒரே பயன் தரும் வகை, வகையன்று, வெறும் பொறி.

இரண்டாவது, வகைகளுக்கிடையே உள்ள வெற்றி தோல்வி சாய்வாக இருக்க வேண்டும். தீர்ப்பாக இருத்தல் கூடாது. தமக்கு எதிர்ப்பட்ட வகையைக் கண்டு மெலிந்த வகையினர் விலகவும், சுற்றிச் செல்லவும், தோழரை அழைக்கவும் வழி இருக்க வேண்டும்.

மூன்றாவது, தவறான தேர்வைத் திருத்திக்கொள்ளும் உரிமை வேண்டும். ஆட்டத்தின் நடுவே மாற்ற இடமளித்தல் சிறந்தது. அஃது இயலாதாயின், வேலரன்டில் போலப் பொதுவான படைக்கலமேனும் எல்லார் கையிலும் இருத்தல் வேண்டும்.

ஆடம் ஸ்மித் வேலைப் பகுப்பைப் புகழ்ந்ததோடு நிற்கவில்லை என்பதையும் இங்கு நினைவுகூர வேண்டும். வாழ்நாள் முழுதும் ஒரு சில எளிய செயல்களையே செய்துகொண்டிருப்பவனின் அறிவு மழுங்கும் என்று அதே நூலின் பிற்பகுதியில் எச்சரித்தார். "நீ மெதுவானவன், மருத்துவராகவே இரு" என்று ஒருவரை நிலையாக ஒதுக்கிவிட்டால், பணிவகை அவருக்குத் திறந்த கதவு, அவரை அடைத்துவைக்கும் கதவாகவும் ஆகிவிடும். மாந்தரிடையே காணும் திறன் வேறுபாடு பெரும்பாலும் வேலைப் பகுப்பின் விளைவேயன்றிக் காரணமன்று என்பதும் அவர் கருத்து. ஆகவே மெதுவான கை என்பதையும் பிறவிக்குணமாகக் கொள்ளவேண்டுவதில்லை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், பணிவகைப் பிரிவு சுடுபோர்ப் போட்டியைத் தன்னளவில் உயர்த்துவதுமில்லை, தாழ்த்துவதுமில்லை என்பது பெறப்படும். வேலைப் பகுப்பு அதனால்தான் வரும் என்பது பிழை. அது போட்டியிலிருந்தே முளைக்கும். வேற்றுமை அதனால் உறுதியாகப் பெருகும் என்பதும் பிழை. உச்சநிலையில் அது சுருங்கிவிடக் கண்டோம். பணிவகை உண்மையாகத் தருவது ஒன்றுண்டு. கைவிரைவு ஒன்றே நுழைவுச்சீட்டாக இருந்த களத்தில், கணிப்புக்கும் காலமறிதலுக்கும் தோழமைக்கும் தனித்தனி வாயில்களை அது திறக்கிறது. திறனுக்கு வாயிலாக நிற்கும்வரை அது நன்று. திறனுக்கு மாற்றாக வந்து அமரும்போது தீது.

எங்கள் விடுதிப் போட்டியைப் பற்றி ஒரு சொல் கூறி முடிக்கிறேன். இறுதியில் இரு ஆட்டங்களும் வைக்கப்பட்டன. கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் கைவிரைவு மிக்க நண்பரின் அணி எதிர்பார்த்தபடியே வென்றது. அடியில் நிற்கும் நண்பரும் அவ்வணியில்தான் இருந்தார். அவர் எறிந்த புகைக்குண்டுகளை மறைவாகக் கொண்டே மற்றவர் முன்னேறினர் என்பது பட்டியலில் ஏறவில்லை. டீம் ஃபோர்ட்ரெஸ் 2-ல் அவர் மருத்துவரானார். இறுதிச் சுற்றில் அவர் அணி தோற்றது. விளக்கணைத்துப் படுத்த பின்னும் அவர் உறங்கவில்லை. "எட்டு நொடியில் மூன்று நொடி வீணாய்ப் போயிற்று. அவர்கள் வாயிலைக் கடக்கும்வரை காத்திருந்திருக்க வேண்டும். சத்தம் கேட்டதுமே பயந்து முன்னதாக விட்டுவிட்டேன்" என்றார். சற்று நேரம் கழித்து, "நாளைக்கு ஒரு கை ஆடலாமா?" என்று கேட்டார்.

தோற்ற இரவில் ஒருவர் தம் தோல்வியை நொடிக்கணக்கில் அளந்து சொல்கிறார்; மறுநாளும் வர விரும்புகிறார். எண்ணிக்கை நிரப்ப வந்தவர்க்கு இந்தக் கவலை வருவதில்லை. முதல்நாள் இரவு விடையின்றி நின்ற கேள்விக்கு விடை இதுவே என்று கருதுகிறேன்.